தூங்கிய நண்பரும் இரவுச் சாப்பாடும்

அன்புள்ள சார்,

போன ஞாயிற்றுக்கிழமை நண்பரோடு திரைப்பட விழாவுக்குப் போயிருந்தேன். அன்றைக்கு எங்களுக்கு அது மூன்றாவது படம், மூன்று மணி நேரம். கடைசியில் நான் அழுதுவிட்டேன், அவர் பாதிப் படத்துக்குக் குறட்டை. சாப்பிடப் போன இடத்தில் நான் பேச்சை எடுத்ததுமே “இதெல்லாம் சும்மா பந்தா” என்றார். வாக்குவாதமாகி, பில்லை ஆளுக்குப் பாதி கொடுத்துவிட்டுப் பேசாமல் பிரிந்தோம். ரசனை ஒத்துவராதவர்களோடு விழாவுக்குப் போவதே தப்போ?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மூன்றாவது படம் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள், வழக்கே அங்கேதான் இருக்கிறது. திரையின் அடியில் வசனத்தின் மொழிபெயர்ப்பு இரண்டு வரி வரும், அதிகம் போனால் ஆறேழு நொடி நிற்கும், அதைப் படித்த கையோடு கண் முகத்துக்குத் தாவ வேண்டும். காலையிலிருந்து இதே வேலை, குளிர்ந்த இருட்டு, அசையாத கேமரா, போதாக்குறைக்குப் பின்னணி இசையும் கிடையாது என்றால் யாருக்குத்தான் கண் சொக்காது? தூங்க வைக்கும் படங்கள் தனக்குப் பிடிக்கும் என்று ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமியே சொல்லியிருக்கிறார். நண்பரை மன்னித்துவிடுங்கள்.

சாப்பாட்டு மேஜையில்தான் நீங்கள் அவசரப்பட்டீர்கள். நானும் பட்டிருக்கிறேன். ஒருமுறை தண்ணீர் வருவதற்குள் தீர்ப்பு சொல்லி முடித்துவிட்டேன். கூட வந்த தோழி பதிலே சொல்லாமல் விழா அட்டவணைத் தாளை நாலாக, எட்டாக, நகத்தளவுக்கு மடித்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில், “அந்த வீட்டுக் கதவைக் கடைசிவரைக்கும் யாருமே சாத்தலை, கவனிச்சியா?” என்றாள். நான் கவனிக்கவில்லை. அரைமணி நேரம் நான் பேசியது எல்லாம் கதவில்லாத படத்தைப் பற்றி.

1895 டிசம்பர் 28 அன்று சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குப் படம் காட்டியதே ஒரு காபிக் கடையின் நிலவறையில்தான். பத்துப் படங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள். அந்தக் கூட்டத்தில் தூங்க யாருக்கு நேரம் இருந்திருக்கும்! மூன்று மணி நேரப் படம் அப்படியில்லை, உள்ளே இறங்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதுவரை சாப்பாட்டைப் பற்றிப் பேசலாம், ஊர்வம்பு பேசலாம், சும்மாவும் இருக்கலாம்.

சரி, எந்தக் காட்சிவரைக்கும் விழித்திருந்தார் என்று அவரிடம் கேட்டீர்களா? இன்றைக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அடுத்த தடவை ஒரே படம், அதுவும் பகல் காட்சியாகப் பாருங்கள். பில்லை நீங்களே கொடுத்துவிடுங்கள்.