பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு: எந்தத் திறனை முதலில் வளர்ப்பது?

கேள்வி: மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் தாவரவியலில் முழுநேர பிஎச்.டி. செய்கிறேன். கோர்ஸ்வொர்க் முடிந்து இரண்டாம் ஆண்டு நடக்கிறது. ஆய்வோடு எழுத்து, பேச்சு, புள்ளியியல், மென்பொருள் என்று எல்லாவற்றையும் வளர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆறு இணையவழிச் சான்றிதழ்கள் வாங்கிவிட்டேன். ஒரு பேப்பர்கூட எழுதி முடிக்க முடியவில்லை. கைடிடம் என்னோடு சேர்த்து எட்டுப் பேர். அவருக்கும் நேரமில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஏழாவது சான்றிதழுக்குப் பதிவு செய்வதைச் சில மாதங்கள் தள்ளிப்போடுங்கள். பாடம் கேட்டால் விஷயம் தெரியும். திறன் வர வேண்டுமானால் நீங்கள் ஒன்றைச் செய்து முடித்து, அதை இன்னொருவர் பார்த்துக் குறை சொல்லி, நீங்கள் திருத்த வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் சான்றிதழ் மட்டுமே மிஞ்சும்.

பிரிட்டனில் வைட்டே என்ற அமைப்பு 2010-இல் ஆய்வாளர் திறன்களுக்கென ஒரு சட்டகம் வெளியிட்டது. அறிவும் சிந்தனையும், தன்னை நிர்வகித்தல், ஆய்வை ஒழுங்காக நடத்துதல், பிறரோடு இணைந்து பயன் விளைவித்தல் என்று 4 பிரிவுகள். அவற்றுக்குள் 63 திறன்கள். அந்தப் பட்டியலைப் பார்த்ததும் மலைப்பு வரும். 63-ஐயும் ஒருவர் பிஎச்.டி. காலத்தில் முழுதாக அடைய முடியாது, அடையத் தேவையும் இல்லை. உங்களுக்கு மூன்று போதும். தீசிஸுக்கு அடுத்த ஆறு மாதத்தில் கட்டாயம் தேவைப்படுவது ஒன்று. கைடோ குழுவோ திரும்பத் திரும்பக் குறை சொல்வது ஒன்று. பட்டத்துக்குப் பிறகு நீங்கள் போக நினைக்கும் வேலை கேட்பது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே, கடந்த ஆறு மாதத்தில் அந்தத் திறனைக் காட்டிய ஒரு சான்றை எழுதுங்கள்: முடித்த வரைவு, அலசிய தரவு, நடத்திய வகுப்பு. “ஓரளவு வரும்” என்று மனதுக்குள் மதிப்பெண் போட்டுக்கொண்டால் எல்லோருக்கும் பத்துக்கு ஆறுதான் வரும். சான்று எழுத முடியாத இடம்தான் நீங்கள் உழைக்க வேண்டிய இடம்.

உங்கள் கேள்வியைப் பார்த்தால் முதல் இடம் எழுத்துக்குத்தான்.

எழுத்து நின்றுபோவதற்கு ஆங்கிலம்தான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் வரிசைதான் காரணம். முன்னுரையில் தொடங்குகிறார்கள், முன்னுரைக்கு இன்னும் படிக்க வேண்டும் என்று தோன்றும், படிக்கப் படிக்கப் புதுப் பேப்பர்கள் வந்துகொண்டே இருக்கும், மாதங்கள் ஓடும். மாற்றிச் செய்யுங்கள். கையில் இருக்கும் முடிவுகளை முதலில் வரைபடங்களாகவும் அட்டவணைகளாகவும் ஆக்குங்கள். ஒரு பேப்பருக்கு நான்கு முதல் ஆறு போதும். ஒவ்வொன்றின் கீழும் அது என்ன சொல்கிறது என்று ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியங்களை மட்டும் தொடர்ச்சியாகப் படித்தால் ஒரு வாதம் வர வேண்டும். வராவிட்டால் வரிசையை மாற்றுங்கள், அல்லது எந்தப் பரிசோதனை விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். அதன் பிறகு முடிவுகள், செய்முறை, விவாதம், முன்னுரை; ஆய்வுச் சுருக்கம் கடைசி. செய்முறைப் பகுதியைப் பரிசோதனை நடக்கும் வாரத்திலேயே எழுதுவது நல்லது. எட்டு மாதம் கழித்துத் தாங்கல் கரைசலின் (பஃபர்) பி.எச். என்னவென்று நினைவுக்கு வராது.

தினமும் லேபுக்குள் நுழைவதற்கு முன் 45 நிமிடம் எழுதுங்கள். மாலையில் எழுதலாம் என்று வைத்தால் சென்ட்ரிஃப்யூஜும் பிசிஆரும் அந்த நேரத்தை விழுங்கிவிடும். அந்த 45 நிமிடத்தில் படிக்கக் கூடாது, மேற்கோள் தேடக் கூடாது. தெரியாத இடத்தில் ஒரு குறி போட்டுவிட்டு மேலே போக வேண்டும். வாதத்தை முதலில் தமிழில் யோசித்துத் தமிழிலேயே குறிப்பெடுப்பதில் எந்தக் குறையும் இல்லை. சிந்தனை தெளிவாக இருந்தால் ஆங்கில வாக்கியம் சிறியதாக, நேராக வரும். ஆனால் முழுப் பத்தியையும் இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு எடுக்காதீர்கள். ஒரே கலைச்சொல் மூன்று இடத்தில் மூன்று விதமாக மாறிவிடும், மதிப்பீட்டாளர் அதை முதலில் பிடிப்பார். செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தினால் அதை வெளிப்படையாகச் சொல்லும்படி பல ஜர்னல்கள் இப்போது கேட்கின்றன. அனுப்பும் முன் அந்த ஜர்னலின் விதியைப் படித்துவிடுங்கள்.

படிப்பதிலும் ஒரு பழக்கம் தேவை. ஒவ்வொரு பேப்பருக்கும் ஐந்து வரிக் குறிப்பு: என்ன கேள்வி, எந்தச் செடி அல்லது மாதிரி, எந்த முறை, என்ன முடிவு, எங்கே ஓட்டை. இதை எழுதும்போது பேப்பர் மூடியிருக்க வேண்டும். திறந்து வைத்துக்கொண்டு நான்கு சொற்களை மட்டும் மாற்றி எழுதுவதுதான் பிற்பாடு கருத்துத் திருட்டாக எழுந்து நிற்கிறது. பலர் அதை வேண்டுமென்று செய்வதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி-யின் 2018 கருத்துத் திருட்டு விதிகளின்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதைத் தாண்டி 40 வரை என்றால் தீசிஸைத் திருத்தி ஆறு மாதத்துக்குள் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய படியைத் தரவே முடியாது. அதற்கும் மேல் போனால் பதிவே ரத்து. முறையாகக் காட்டிய மேற்கோள்களும் நூற்பட்டியலும் இந்தக் கணக்கில் சேராது. மேற்கோள்களைக் கையால் ஒட்டாமல் ஜோட்டெரோ போன்ற இலவச மென்பொருளில் முதல் பேப்பரிலிருந்தே சேர்த்து வாருங்கள். 150 மேற்கோள்களை ஒரு ஜர்னலின் பாணியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் நாளில் அதன் அருமை தெரியும்.

அடுத்தது புள்ளியியல். தாவர ஆய்வில் அதிகம் நடக்கும் பிழை ஒன்றை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உப்புநீர் ஊற்றிய 4 தொட்டிகள், நல்ல தண்ணீர் ஊற்றிய 4 தொட்டிகள், தொட்டிக்கு ஒரு செடி, செடிக்கு 5 இலை என்று வைப்போம். ஒவ்வொரு பக்கமும் 20 எண்கள் கிடைக்கும். உடனே 20-க்கு 20 என்று டி-டெஸ்ட் (இரு சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போட்டால் பி-மதிப்பு அழகாகச் சிறியதாக, வேறுபாடு உறுதி என்பதுபோல் வரும், அது தவறு. உப்பு ஊற்றியது தொட்டிக்குத்தான், இலைக்கு அல்ல. ஒரே செடியின் ஐந்து இலைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். எனவே உங்கள் ரெப்ளிகேட் (ஒன்றையொன்று சாராத மறுசோதனை) எண்ணிக்கை 4. ஐந்து இலைகளின் சராசரியைத் தொட்டிக்கு ஒரு எண்ணாக எடுத்து 4-க்கு 4 ஒப்பிட வேண்டும். தொட்டிகளை வைக்கும் இடத்தையும் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள். உப்புத் தொட்டிகள் எல்லாம் ஜன்னல் ஓரத்தில் இருந்தால் நீங்கள் அளப்பது உப்பையா வெயிலையா என்று சொல்ல முடியாது. வரைபடத்தில் போடும் பிழைக்கோடு திட்டவிலக்கமா (அளவுகளின் சிதறல்) திட்டப்பிழையா (சராசரியின் நிச்சயமின்மை) என்றும் எழுதுங்கள். ரெப்ளிகேட் 4 என்றால் திட்டப்பிழை திட்டவிலக்கத்தில் சரிபாதிதான். சொல்லாமல் விட்டால் படிப்பவர் ஏமாறுவார்.

இதெல்லாம் விதை ஊன்றும் முன் முடிவாக வேண்டியவை. தரவு வந்த பிறகு புள்ளியியல் துறைக்கு ஓடினால் அவர்களாலும் காப்பாற்ற முடியாமல் போகலாம். இங்கே ஒரு சான்றிதழ்ப் படிப்புக்கு இடம் உண்டு: ஐஐடி-களின் இணையவழிப் பாடத் தளமான என்.பி.டெல்லில் 8 அல்லது 12 வாரப் புள்ளியியல் பாடம் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வாரமும் சொல்லித்தரும் முறையை உங்கள் சொந்தத் தரவில் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் செய்து பாருங்கள். அப்படிச் செய்யாத பாடம் தேர்வோடு மறந்துபோகும்.

லேப் நோட்டு, தரவுக் காப்பு பற்றிச் சுருக்கமாக. நோட்டில் பக்க எண், தேதி, அன்றன்றே பதிவு. தவறினால் ஒற்றைக்கோடு போட்டு அடியுங்கள், தாளைக் கிழிக்காதீர்கள். கோப்புப் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்று தொடங்கினால் தானாகவே வரிசையாக நிற்கும். தரவுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில். ஒற்றைப் பென் டிரைவில் இருக்கும் தரவைப் பாதுகாப்பாக இருப்பதாக எண்ணாதீர்கள்.

கைடுக்கு நேரமில்லை என்கிறீர்கள். யுஜிசி விதிப்படி ஒரு பேராசிரியர் 8 பேர் வரை வழிநடத்தலாம். எட்டும் நிரம்பியவரிடம் நேரம் குறைவாகத்தான் இருக்கும். அதனால் நேரத்தைக் கேட்கும் விதத்தை மாற்றுங்கள். “சார், ஒரு தடவை பார்த்துக் கொடுங்க” என்று 40 பக்கம் நீட்டினால் அது மேசையிலேயே கிடக்கும். இரண்டு பக்கம் கொடுத்து, “மூன்றாம் படத்துக்கு நான் சொல்லும் விளக்கம் தாங்குமா சார்?” என்று கேட்டால் அன்றைக்கே பதில் வர வாய்ப்புண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 20 நிமிடம் கேளுங்கள். முந்தின நாளே ஒரு பக்கக் குறிப்பு அனுப்புங்கள்: என்ன முடிந்தது, எங்கே சிக்கல், இன்று அவர் எடுக்க வேண்டிய முடிவு என்ன. சந்திப்பு முடிந்ததும் பேசியதை நான்கு வரியில் மின்னஞ்சல் செய்யுங்கள். ஆறு மாதம் கழித்து “நான் அப்படிச் சொல்லவில்லையே” என்ற மனக்கசப்பு வராமல் இதுவே தடுக்கும். பேப்பரில் யார் பெயர், எந்த வரிசை என்பதையும் பரிசோதனை தொடங்கும்போதே மரியாதையோடு கேட்டுவிடுங்கள். எழுதி முடித்த பிறகு கேட்பது எல்லோருக்கும் சங்கடம்.

கைடைத் தவிர உங்களுக்கு ஆய்வு ஆலோசனைக் குழுவும் இருக்கிறது. யுஜிசி-யின் 2022 பிஎச்.டி. விதிகளின்படி செமஸ்டருக்கு ஒருமுறை அதன் முன் நின்று முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். குழுவின் பரிந்துரையில் உங்களுக்கும் ஒரு பிரதி உண்டு. பலர் இதைக் கையெழுத்து வாங்கும் சடங்காகக் கழித்துவிடுகிறார்கள். வேறொரு துறையின் கருவியைப் பயன்படுத்த அனுமதி, புள்ளியியல் ஆலோசனை, வரைவைப் படித்துக் குறை சொல்ல ஓர் ஆள்: இவற்றை வாய்திறந்து கேட்க வேண்டிய இடம் அதுதான். அதே விதிகள் ஆய்வு மாணவர்கள் கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன. வாரம் 4 முதல் 6 மணி நேரம் வகுப்பு அல்லது லேப் உதவியும் தரலாம். கல்லூரி வேலை உங்கள் நோக்கம் என்றால் இதைச் சுமையாக நினைக்காமல் கேட்டு வாங்குங்கள்.

பேச்சுக்கு ஒரு பயிற்சி போதும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-இல் தொடங்கிய மூன்று நிமிடத் தீசிஸ் போட்டியின் விதிப்படி ஒரே ஒரு அசையாத ஸ்லைடு, மூன்று நிமிடம், கையில் வேறு பொருள் இல்லை. நேரம் தாண்டினால் வெளியேற்றம். மாதம் ஒருமுறை அப்படிப் பேசி மொபைலில் பதிவு செய்து கேளுங்கள். முதலில் தமிழில், வீட்டில் அறிவியல் படிக்காத ஒருவருக்கு. அவர் திருப்பிச் சொல்வதில் எது விடுபடுகிறதோ அதுதான் உங்களுக்கே தெளிவில்லாத இடம்.

ஜர்னலைத் தேர்ந்தெடுப்பதும் இனி உங்கள் திறன்தான். ஏற்கத்தக்க ஜர்னல்களைக் காட்டிய யுஜிசி-கேர் பட்டியலை 2025-இல் கைவிட்டார்கள். 2022 விதிகள் தீசிஸுக்கு முன் பேப்பர் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டாலும் உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் வைத்திருக்கலாம். ஆராய்ச்சிப் பிரிவில் எழுத்துவடிவில் கேளுங்கள், சீனியர் சொல்வதை நம்பி இருக்காதீர்கள். ஜர்னல் தன் முகப்பில் “ஸ்கோபஸில் (ஆய்விதழ்த் தரவுத்தளம்) உள்ளது” என்று எழுதியிருந்தால் அது ஆதாரமில்லை. ஸ்கோபஸின் சொந்தத் தளத்தில் ஜர்னலின் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என்.-ஐ இட்டுத் தேடி, இப்போதும் இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் நீக்கப்பட்டவையும் உண்டு. நல்ல ஜர்னலின் பெயரையே வைத்துப் போலித் தளம் நடத்துபவர்களும் இருப்பதால் முகவரியையும் சரிபாருங்கள். மூன்று நாளில் ஏற்பு, வாட்ஸ்அப்பில் கட்டண விவரம், எல்லாத் துறைக்கும் ஒரே ஜர்னல் என்றால் விலகிவிடுங்கள். அங்கே வெளியான பேப்பரைத் திரும்பப் பெறுவது மிகவும் கடினம், உங்கள் தரவும் வீணாகும். பேப்பர் படிக்கக் கட்டணம் கேட்கும் இடங்களில் நூலகரிடம் போங்கள்: 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் சுமார் 13,000 ஜர்னல்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன.

இந்த மாதம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு நாள் உட்கார்ந்து இருக்கும் முடிவுகளை வரைபடங்களாக்கி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு வாக்கியம் எழுதுங்கள். ரெப்ளிகேட் எண்ணிக்கையை மேலே சொன்னபடி சரிபாருங்கள். அந்தத் தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு கைடிடம் 20 நிமிடம் கேளுங்கள். படங்களின் வரிசைக்கு அவர் சம்மதித்த மறுநாள் காலை, முடிவுகள் பகுதியின் முதல் பத்தியைத் தொடங்குங்கள்.