கட்டிலுக்கடியை விட்டு வராத நாய்

கேள்வி: ஐந்து நாட்களுக்கு முன் இரண்டு வயதுப் பொமரேனியன் கலப்பு நாயைத் தத்தெடுத்தோம். கொண்டுவந்து விட்டவர் வண்டிச் செலவு என்று 4,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். நாய் கட்டிலுக்கடியிலேயே கிடக்கிறது. அரைகுறையாகச் சாப்பிடுகிறது, இரவில் அழுகிறது. ‘ஒத்துவராவிட்டால் வேறு நாய் மாற்றித் தருகிறேன்’ என்கிறார் அவர். மாற்றிவிடலாமா? – வாசகி, திருச்சி

பதில்: மாற்றாதீர்கள். உங்களைப் பிடிக்காமல் அது ஒளியவில்லை, பயந்து போயிருக்கிறது. பழகிய வாசனையும் குரலும் ஒரே நாளில் போய், குக்கர் விசிலும் மிக்ஸிச் சத்தமும் வந்துவிட்டன. முதல் மூன்று நாள் மிரட்சி, வீட்டு நடைமுறை பிடிபட மூன்று வாரம், வீடு தன்னுடையது என்று தோன்ற மூன்று மாதம் என்று தோராயமாகச் சொல்வோம். ஐந்தாம் நாள் என்பது ரொம்ப சீக்கிரம்.

கட்டிலுக்கடியில் கையை விட்டு இழுக்காதீர்கள். சின்ன நாய் என்றால் வருகிறவர் போகிறவர் எல்லாம் தூக்குகிறார்கள். அதற்கு அதைவிடப் பயம் வேறில்லை. உறுமினால் அடிக்காதீர்கள், ‘வேண்டாம்’ என்று சொல்ல அதற்கு அந்த ஒரு வழிதான் உண்டு. தினமும் கொஞ்ச நேரம் அதைப் பார்க்காமல், முதுகைக் காட்டித் தரையில் உட்காருங்கள். பக்கத்தில் இரண்டு துண்டு வேகவைத்த கோழி வைத்தால் போதும். அதுவே வந்து மோந்து பார்க்கும்.

இரவில் நீங்கள் படுக்கும் அறையிலேயே, நீங்கள் கட்டிக் கழற்றிய பழைய புடவையை விரித்து அதைப் படுக்க வையுங்கள். ‘அழ விட்டால் பழகிவிடும்’ என்பவர்களைக் கேட்காதீர்கள். குளிப்பாட்டுவது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வெளியே கூட்டிப் போகும்போது கழுத்து பெல்ட் வேண்டாம், மிரண்டால் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். மார்போடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸ் வாங்குங்கள்.

முன்பு என்ன சாப்பிட்டதோ அதையே, அதே நேரத்தில் கொடுங்கள். இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். பால் ஊற்ற வேண்டாம், வயிறு போகும். ஒரு நாள் முழுக்க எதையும் தொடாவிட்டாலோ, வாந்தி, ரத்தக் கழிச்சல் இருந்தாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. உங்களிடம் இருப்பது இரண்டு மூன்று மாதச் சின்ன ரகக் குட்டி என்றால், மேலே சொன்ன ஒரு நாள் கணக்கு அதற்குப் பொருந்தாது. ஒரு நாள் என்ன, சில மணி நேரம் சாப்பிடாவிட்டாலே அதற்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடலாம். தள்ளாடும், துவளும், வலிப்புகூட வரும். உடனே ஈறில் கொஞ்சம் தேன் தடவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். அவ்வளவு சின்னக் குட்டிக்கு நாளுக்கு நாலைந்து வேளை சோறு வேண்டும், இரவு கடைசி வேளை உட்பட. ‘பயத்தில்தான் சாப்பிடவில்லை’ என்று விடியும் வரை காத்திருந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சரி, அந்த 4,000 ரூபாய்க்காரருக்கு வருவோம். உண்மையாகத் தத்துக் கொடுப்பவர்கள் உங்கள் வீட்டைப் பார்ப்பார்கள், ஆயிரம் கேள்வி கேட்பார்கள். தடுப்பூசிச் செலவு கேட்டாலும் ரசீது கொடுப்பார்கள். மாற்றித் தருகிறேன் என்பவர் தரகர். நீங்கள் திருப்பிக் கொடுக்கும் நாயை இன்னொரு வீட்டில் விட்டு இன்னொரு 4,000 வாங்குவார், அதன் பயம் இரட்டிப்பாகும். உங்களுடையது பெண் நாயானால் காம்புகளைப் பாருங்கள். தொங்கிப் போயிருந்தால் குட்டி போட்டிருக்கலாம். குட்டி போட வைத்துச் சக்கையாக்கிய நாய்களை இப்படித்தான் ‘தத்து’ என்று தள்ளிவிடுகிறார்கள். அவற்றுக்குக் கூண்டைத் தவிர வேறு தெரியாது, வீட்டுக்குப் பழக மூன்று மாதத்துக்கு மேலும் ஆகலாம்.

பதிவு இல்லாமல் நாய் வளர்த்து விற்கக் கூடாது, எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டுவிட்டது. கேட்கத்தான் ஆளில்லை. கண் திறந்து சில நாளேயான குட்டிகளைச் சந்தையில் கூடையில் வைத்து விற்கிறார்கள், எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் போகிறோம். அப்படி உடம்பு கெட்டுப் போன குட்டிகளை எங்கள் சிகிச்சை மேஜையில் கொண்டுவந்து கிடத்துகிறார்கள்.

அந்த 4,000 ரூபாய்க்காரர் கொடுத்த தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஊசிக்கும் மருந்துப் புட்டியின் ஸ்டிக்கர், மருத்துவர் கையெழுத்து, பதிவு எண் இருக்க வேண்டும். எல்லாத் தேதியும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியிருந்தால் அந்த அட்டையை நம்பாதீர்கள். ஊசியே போடவில்லை என்று வைத்துக்கொண்டு, வெறிநாய்க்கடி தடுப்பூசியிலிருந்து புதிதாகப் போடச் சொல்லுங்கள். முன்பே போட்டிருந்து மறுபடி போட்டாலும் பொதுவாகக் கெடுதல் இல்லை. கொஞ்சம் பழகியதும், இந்த வாரத்துக்குள், ஒரு டப்பியில் நாயின் மலமும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். குடற்புழு இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.