இரும்போடு நின்றால் தங்கம் எப்படி வந்தது?

"அணுக்கரு இணைவு இரும்போடு நின்றுவிடும் என்றால், வெடிக்கும் விண்மீனில் அதைவிடக் கனமானவை எப்படி உருவாகும்?" என்று கேட்டிருந்தீர்கள். சரியான இடத்தில்தான் முட்டி நிற்கிறீர்கள். நிற்பது ஆற்றல் தரும் இணைவு, அதாவது சிறு அணுக்கருக்கள் சேர்ந்து பெரிதாகி ஆற்றலை வெளிவிடுவது மட்டும்தான். அப்புறம் நியூட்ரான்களின் ஆட்டம். அவற்றுக்கு மின்னூட்டம் இல்லை. அணுக்கரு விலக்கித் தள்ளாது, விழுங்கிவிடும். உள்ளே போனவற்றில் சில புரோட்டானாக மாறினால் தனிமமே மாறிவிடும்.

வெடிப்பில் வரும் இரும்பிலும் பெரும்பகுதி முதலில் நிக்கல்-56 தான். அது சுமார் 6 நாள் அரை ஆயுளில் (பாதி சிதைய ஆகும் காலம்) கோபால்ட்-56 ஆகும். கோபால்ட் 77 நாள் அரை ஆயுளில் இரும்பாகும். 1987-இல் நம் பால்வழிக்கு அருகிலுள்ள பெரிய மகெல்லன் மேகம் என்ற சிறு விண்மீன் மண்டலத்தில் வெடித்த விண்மீன், பல மாதங்கள் இந்தக் கோபால்ட் சிதையும் வேகத்திலேயே மங்கியது. எனக்கு மிகவும் பிடித்த சான்று!

தங்கத்துக்கு மட்டும் சூப்பர்நோவாவை, அதாவது இந்த விண்மீன் வெடிப்பை, ரொம்ப நம்பாதீர்கள். 2017-இல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (வெடித்த விண்மீன்கள் விட்டுச்செல்லும் மிக அடர்ந்த மையங்கள்) மோதியபோது கனமான தனிமங்கள் பிறந்த தடயம் தெரிந்தது.