முக்திநாத் போகலாமா, வேண்டாமா?

வாசகர் கேள்வி, பயணப் பக்கம் – ஜூன் 2015

கேள்வி: அன்புள்ள அக்கா, என் அப்பா போன ஆடியில் காலமானார். நேபாளத்தில் இருக்கும் முக்திநாத் கோயிலுக்குப் போய்க் கும்பிடவேண்டும் என்று கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தவர். அவருடைய ஆண்டுத் திவசத்தை ஒட்டி அம்மா, நான், என் கணவர், தம்பி நால்வரும் ஓகஸ்டில் போவதாகத் தை மாதமே முற்பணம் கட்டிவிட்டோம். டெல்லி, காத்மண்டு, மனகாமனா, பொக்கரா, அங்கிருந்து வான் வண்டியில் முக்திநாத் என்பதுதான் திட்டம். ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பிறகு வீட்டில் தினமும் இதே கதைதான். முகவர் "எல்லாம் வழமைக்குத் திரும்பிவிட்டது, பயப்படாமல் வாருங்கள்" என்கிறார். பெரிய மாமாவோ "அத்தனை ஆயிரம் பேர் செத்த இழவு வீட்டுக்குள்ளா யாத்திரை போகப்போகிறீர்கள்" என்று கோபிக்கிறார். அம்மாவுக்கு 68 வயது, பிரஷர் இருக்கிறது. அவர் இரண்டு பக்கமும் சேராமல் பேசாமல் இருக்கிறார். பணத்தை விடுவதா, துணிந்து போவதா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, ஓகஸ்டில் போகவேண்டாம். ஐப்பசியில் போங்கள், வழியை மாற்றிக்கொண்டு. பணத்தைத் திருப்பிக் கேட்காமல் திகதியை மாற்றித் தரும்படி கேளுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இதே குழப்பத்தோடு வேறு சில கடிதங்களும் வந்திருக்கின்றன.

முகவரும் மாமாவும் நாட்டை முழுசாக ஒரே துண்டாக எடுத்துக்கொண்டு கதைக்கிறார்கள். நீங்கள் பார்க்கவேண்டியது நீங்கள் போகும் பாதையையும் போகும் மாதத்தையும். நிலநடுக்கம் தொடங்கியது கோர்க்கா மாவட்டத்தில். அங்கிருந்து நிலத்தடி முறிவு கிழக்குப் பக்கமாக ஓடியது. அதனால்தான் காத்மண்டுவும் அதற்கு அப்பால் சிந்துபால்சோக்கும் நொறுங்கின. மேற்கே, கோர்க்காவுக்கு அவ்வளவு தூரமில்லாத பொக்கரா பெரும்பாலும் தப்பிவிட்டது. மே 12 இல் வந்த 7.3 அளவு அதிர்வும் கிழக்கே தோலக்காப் பக்கம்தான். நேபாளத்தின் 75 மாவட்டங்களில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவை என்று அரசு சொல்பவை 14. முக்திநாத் இருக்கும் முஸ்தாங் அந்தப் பட்டியலில் இல்லை. இந்த அளவில் முகவர் சொல்வது பொய்யில்லை.

ஆனால் பொக்கராவிலிருந்து முக்திநாத்துக்கு உங்களை வான் வண்டியில் கூட்டிப்போகிறேன் என்கிறாரே, அந்த இடத்தில்தான் எனக்கு அவரோடு கோபம். அந்த வீதி பேனி என்ற ஊரிலிருந்து காளிகண்டகி ஆற்றை ஒட்டியே மேலே ஏறுகிறது. மே 24 ஆம் திகதி அதே ஆற்றின் குறுக்கே, பேனிக்கு மேலே மியாக்தி மாவட்டத்தில், ஒரு மலைச்சரிவே விழுந்து ஆற்றை அடைத்துவிட்டது. தண்ணீர் ஏரியாகத் தேங்கி, பாதி நாளுக்கு மேல் கழித்துத்தான் வழிந்தோடியது. கீழே இருந்த ஊர்ச்சனத்தை முன்கூட்டியே மேட்டுக்கு ஏற்றியதால் உயிர்கள் தப்பின. இது மழைக்காலம் தொடங்குவதற்கு முன் நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

அங்கே பருவமழை ஜூனில் தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் பெய்யும். ஓகஸ்ட் அதன் நடுப்பகுதி. மலை இறங்குவது என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. போன ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் நம் மலையகத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த லயன் வீடுகள் மண்ணுக்குள் போனதை நாம் பார்த்தோம். அது மழை மட்டுமே செய்த வேலை. நேபாளத்தில் முதலில் நிலம் குலுங்கிச் சரிவுகளையெல்லாம் தளர்த்திவிட்டது, இனி அதன் மேல் மழை. ஒரு வழக்கமான வருடத்திலேயே ஓகஸ்டில் அந்த வீதியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். இந்த வருடம் 68 வயது அம்மாவை வைத்துக்கொண்டு அதில் போவதைப் பற்றிக் கதைக்கவே கூடாது.

ஐப்பசி என்றால் நிலைமை வேறு. மழை விட்டிருக்கும், வானம் தெளிந்திருக்கும். பொக்கராவிலிருந்து, முக்திநாத்துக்குக் கீழே உள்ள ஜொம்சொமுக்குச் சிறிய விமானம் ஓடுகிறது. இருபது நிமிடச் சொச்சம்தான். பகலேறினால் பள்ளத்தாக்கில் காற்று பலமாகிவிடும் என்பதால் காலையில் மட்டும் பறப்பார்கள். ஓகஸ்டில் மேகத்தால் அந்த விமானங்கள் நாள்கணக்கில் நின்றுவிடும். ஐப்பசியிலும் ஒரு நாளை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். விஜயதசமியை அங்கே தசைன் என்று பெரிதாகக் கொண்டாடுகிறார்கள், கடை கண்ணியெல்லாம் பூட்டிக்கிடக்கும், பஸ் எல்லாம் நிரம்பி வழியும். அது கழிந்து, நம் தீபாவளிக்கு முன் வரும் நாட்கள் உங்களுக்குப் பொருந்தும்.

அம்மாவின் உடல்நிலை நிலநடுக்கத்தோடு சம்பந்தப்படாத விஷயம், ஆனாலும் சொல்லவேண்டும். பொக்கரா 800 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. ஜொம்சொம் 2,700. நம் நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான். முக்திநாத் கோயில் ஏறக்குறைய 3,800. காலையில் பொக்கராவில் விமானம் ஏறி, அன்றைக்கே ஜீப்பில் கோயிலுக்குப் போய்த் திரும்பும் திட்டங்களை முகவர்கள் போடுவார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஜொம்சொமில் இரண்டு இரவாவது தங்கி, பிறகு மேலே போங்கள். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து கோயிலுக்கு ஏற்றம், குதிரை கிடைக்கும். பிரஷர் மருந்து பற்றி இங்கேயே டொக்டரிடம் கேட்டு, அந்த உயரத்துக்குப் போகலாம் என்று அவர் சொன்னால் மட்டும் கூட்டிப்போங்கள். கோயிலில் நீராடுவதற்குக் கொட்டும் 108 தாரைகளும் பனி உருகிய தண்ணீர். தம்பி ஓடி ஓடி நனையட்டும், அம்மாவுக்குத் தலையில் தெளித்தால் போதும்.

மனகாமனாவை இந்த முறை திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அது கோர்க்கா மாவட்டத்திலேயே இருக்கிறது, கோயில் சரிந்து சேதமாகியிருக்கிறது. காத்மண்டுவில் பசுபதிநாதரின் மூலக்கோயில் தப்பி நிற்கிறது, தரிசனம் செய்யலாம். பழைய அரண்மனைகள் இருக்கும் தர்பார் சதுக்கங்களை இந்த 15 ஆம் திகதி திறந்துவிட்டார்கள். ஆனால் விழுந்த கோபுரங்களுக்கு நடுவில் அம்மாவை நடத்திக் காட்டவேண்டிய அவசியம் என்ன இருக்கிறது? தரிசனத்தை முடித்துக்கொண்டு பொக்கராவுக்கு விமானத்திலேயே போய்விடுங்கள்.

இனி மாமாவின் பேச்சு. அவர் கோபத்தை நான் மதிக்கிறேன். ஏறக்குறைய 9,000 பேர் போய்விட்டார்கள், ஐந்து இலட்சம் அளவில் வீடுகள் தரைமட்டம். முதல் வாரங்களில் அங்கே போவதை நானும் கடுமையாகத் தடுத்திருப்பேன். காத்மண்டு விமான நிலையத்துக்கு ஓடுபாதை ஒன்றுதான். நிவாரணச் சாமான் கொண்டுவந்த பெரிய விமானங்களால் அதில் வெடிப்பு விழுந்து, மே 3 இல் அவற்றை இறங்கவிடாமல் தடுத்தார்கள். நம் நாட்டு இராணுவமும் மருத்துவர்களும் போய் இறங்கியதும் அதே ஓடுபாதையில்தான். அந்த நேரத்தில் யாத்திரைக்காரர் ஒருவர் எடுக்கும் ஆசனமும் கட்டிலும் போத்தல் தண்ணீரும் இன்னொருவருடையது.

அந்தக் கட்டம் ஐப்பசிக்குள் கழிந்திருக்கும். அதற்குப் பிறகு யாரும் போகாமல் விடுவது என்ன செய்யும் என்று மாமாவிடம் கேளுங்கள். 2005 தையில் நான் செட்டியார் தெருவில் ஒரு பயண அலுவலகத்தில் இருந்தேன். சுனாமி கரையோரத்தைத்தான் அடித்தது. கண்டியையும் சிகிரியாவையும் நுவரெலியாவையும் அது தொடவில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த தொலைபேசி எல்லாம் ஒரே கதை: கண்டியையும் வெட்டுங்கள், நுவரெலியாவையும் வெட்டுங்கள். அலுவலக வாசலில் வான் சாரதிமார் காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் நிற்பார்கள். லீசிங் கட்ட வழியில்லாமல் வானையே விற்றவரை எனக்குத் தெரியும். அவர் குடும்பத்தில் ஒருவரையும் கடல் எடுக்கவில்லை, வீட்டில் ஓடு ஒன்றுகூட உடையவில்லை, ஆனாலும் அந்த வருடம் அவர் பிள்ளைகள் பட்ட பாடு சொல்லி முடியாது. அவர்களுக்கு நிவாரணப் பட்டியலிலும் இடமில்லை.

நேபாளத்துக்கு ஒரு வருடத்தில் போகும் வெளிநாட்டவர் ஏறக்குறைய எட்டு இலட்சம் பேர். அவர்களில் பெரும்பகுதி வருவது இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும். வசந்தம் இந்த வருடம் இடிபாட்டோடு போய்விட்டது. ஜொம்சொமில் விடுதி வைத்திருக்கும் குடும்பத்துக்கும் கோயில் ஏற்றத்தில் குதிரை பிடிப்பவருக்கும் வரும் ஐப்பசிதான் மிச்சம். நீங்கள் நால்வர் போய் இரண்டு அறை எடுத்து, பருப்பும் சோறும் சாப்பிட்டு, குதிரைக்காரருக்குக் கூலி கொடுத்தால் அதை இழவு வீட்டில் கொண்டாட்டம் என்று எப்படிச் சொல்வது? மாமாவும் உங்களோடு வரட்டும் என்றுதான் சொல்வேன்.

திவசத்தைப் பற்றி அம்மா மனதில் ஒரு கவலை இருக்கும். அவர் பேசாமல் இருப்பதற்கு அதுதான் காரணமோ என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண்டுத் திவசத்தை அந்தத் திதியிலேயே வீட்டில் ஐயரை வைத்துச் செய்யுங்கள். ஓகஸ்ட் 14 ஆடி அமாவாசை, முடிந்தால் கீரிமலைக்குப் போய்வாருங்கள். ஜொம்சொமுக்கும் முக்திநாத்துக்கும் நடுவில் காக்பேனி என்ற ஊர் இருக்கிறது. காளிகண்டகிக் கரையில் பித்ருக்களுக்குப் பிண்டம் போடும் இடம். ஐப்பசியில் போகும்போது அங்கே செய்யலாமா, எப்படிச் செய்வது என்று உங்கள் ஐயரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாவுக்குச் செய்வது எதுவும் குறையவில்லை என்று தெரிந்தால் அம்மா வாய் திறப்பார்.

பண விஷயம் சுருக்கமாக. திகதி மாற்றத்தை எழுத்தில் கேளுங்கள், தொலைபேசியில் சொன்னது நிற்காது. விமானச் சீட்டை மாற்றும் கட்டணம் எவ்வளவு, ஹோட்டலுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். சார்க் நாட்டவர் என்பதால் நேபாள வீசா நமக்கு 30 நாளுக்கு விமான நிலையத்திலேயே இலவசம், அதில் நட்டம் வராது. இனிமேல் எடுக்கும் பயணக் காப்புறுதி ஏப்ரல் நிலநடுக்கத்தைக் காரணம் காட்டிப் பயணத்தை நிறுத்தினால் பொதுவாகப் பணம் தராது, ஏனென்றால் அது தெரிந்த விஷயமாகிவிட்டது. அப்புறம் ஏன் எடுக்கவேண்டும் என்றால், மலையில் யாருக்காவது சுகமில்லாமல் போனால் ஹெலிகொப்டரில் இறக்கும் செலவுக்கு. 3,800 மீற்றர் உயரத்துக்கு அது செல்லுமா என்று பத்திரத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: நானும் நண்பர்கள் மூவரும் விடுமுறை எடுத்துக்கொண்டு காத்மண்டு போய் வீடு கட்ட உதவலாம் என்று இருக்கிறோம். எங்களில் யாரும் மேசன் இல்லை, ஆனால் உடம்பில் பலம் இருக்கிறது. போகலாமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: தம்பி, உங்கள் மனதுக்கு நன்றி. போகவேண்டாம். பலமுள்ள இளைஞர்கள் அந்த ஊரிலேயே வேலையில்லாமல் இருக்கிறார்கள். நீங்கள் நால்வரும் விமானச் சீட்டுக்குச் செலவழிக்கும் பணத்தில் மழைக்கு முன் எத்தனையோ கூரைக்குத் தகரம் போடலாம். இப்போது அவர்களுக்கு அவசரமாகத் தேவைப்படுவதும் தகரமும் தார்ப்பாயும்தான். செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் பணமாக அனுப்புங்கள். பழைய உடுப்பு அனுப்பவேண்டாம். சுனாமிக்குப் பிறகு நம் முகாம்களில் குவிந்துகிடந்த கம்பளிச் சட்டைகளை மட்டக்களப்பு ஆட்கள் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். உங்களில் ஒருவர் தாதியாகவோ கட்டடப் பொறியியலாளராகவோ இருந்தால் கதை வேறு. அப்போதும் ஒரு அமைப்பு பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு போங்கள்.

கேள்வி: வேலை விஷயமாக ஒக்டோபரில் காத்மண்டுவில் தங்கவேண்டியிருக்கிறது. தவிர்க்கமுடியாது. ஹோட்டல் எடுக்கும்போது எதைப் பார்க்கவேண்டும்?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பொறியியலாளர்கள் கட்டடங்களைப் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒட்டி வருகிறார்கள். பச்சை ஒட்டிய கட்டடமா என்று மின்னஞ்சலில் கேளுங்கள், படமும் அனுப்பச் சொல்லுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் வேறு ஹோட்டல் பாருங்கள். தாமெல் பகுதியின் ஒடுக்கமான சந்துகளில் எடுக்காமல், வாசலுக்கு வெளியே நிற்பதற்குத் திறந்தவெளி உள்ள இடமாக எடுங்கள். கீழ்மாடி அறை கேளுங்கள். அதிர்வுகள் இன்னும் முழுதாக நிற்கவில்லை, ஒக்டோபரிலும் சிறியவை வரலாம். குலுங்கும்போது படியில் ஓடாமல் மேசைக்குக் கீழே புகுந்து தலையை மூடிக்கொள்ளுங்கள், நின்றபிறகு வெளியே வாருங்கள். சப்பாத்து, டோர்ச், பாஸ்போட் மூன்றும் இரவில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், அங்கே மின்வெட்டும் அதிகம். நம் தூதரகம் காத்மண்டுவிலேயே இருக்கிறது. போய் இறங்கிய அன்றே உங்கள் பெயரையும் ஹோட்டல் விலாசத்தையும் அங்கே கொடுத்துவிடுங்கள்.