தோட்டத்துப் பாதையை யார் திருத்த வேண்டும்?

கேள்வி: இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பகுதித் தோட்டமொன்றில் வசிக்கிறோம். லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பிலிருந்து) பிரதான வீதிக்கு வரும் பாதை மழையில் அரித்துப்போய்க் கிடக்கிறது. தோட்ட முகாமையாளரான துரை, பிரதேச சபைக்குப் போகச் சொல்கிறார். சபையில் கேட்டால், “அது தோட்டத்துப் பாதை” என்கிறார்கள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரோ சங்கத்தில் பேசுவதாகச் சொல்லி மாதக்கணக்காகிறது. நாங்கள் யாரிடம் போவது?

பதில்: பிரதேச சபைக்குப் போங்கள். வாய்ப்பேச்சாக அல்ல, எழுத்தில்.

தோட்டத்துக்குள் தமக்கு வேலையில்லை என்று சபை சொன்னால், அது பழைய சட்டத்தின் பேச்சு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் இருந்த 33ஆம் பிரிவுதான் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. வாக்கு மட்டும் நம்முடையது, வேலை நடப்பது வேறெங்கோ என்ற அநியாயம் முப்பது ஆண்டுகள் நீடித்தது. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டுவிட்டது. ஆகவே இன்று “பணமில்லை” என்று சபை சொல்லலாம். “அதிகாரமில்லை” என்று சொல்ல முடியாது.

துரையின் இடம் என்ன? 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. நிலம் குத்தகையில்தான் அவர்களிடம் இருக்கிறது. துரை நிலத்தின் சொந்தக்காரர் அல்லர், என்றாலும் அதை ஆள்பவர் அவரே. அதனால் வேலையைத் தொடங்குமுன் தோட்ட நிர்வாகத்தின் சம்மதத்தைச் சபை எதிர்பார்க்கும். “சபைக்குப் போ” என்று சொன்னவரிடமே, சபை பாதையைத் திருத்துவதில் ஆட்சேபனையில்லை என்று ஒரு கடிதம் கேளுங்கள். அந்தக் கடிதம் கையில் இருந்தால் இரண்டு பக்கமும் உங்களை அலைக்கழிப்பது கடினம்.

தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்கத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, வாக்கும் போய், மலையகத் தமிழராகிய நாம் நாதியற்று நின்ற காலத்தில் நமக்காகப் பேசிய குரல் தொழிற்சங்கம்தான். அந்த மதிப்பு இன்னும் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தில் அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து அமர்கின்றன. வீடு, தண்ணீர், மலசலகூடம் போன்றவற்றுக்குச் சங்கம் அங்கே அழுத்தம் கொடுக்க முடியும். ஆனால் சபையின் வரவு செலவுத் திட்டத்தில் உங்கள் பாதையைச் சேர்ப்பது சங்கத்தின் கையில் இல்லை. அது சபையிலுள்ள உங்கள் வட்டார உறுப்பினரின் பொறுப்பு. தலைவரிடம் பொதுவாக உதவி கேட்காதீர்கள். துரையிடம் அந்தக் கடிதத்தை வாங்கித் தரும்படி கேளுங்கள். அவரால் முடிந்த காரியம் அது.

மாகாண சபையை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018இல் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே இல்லை, நிர்வாகம் ஆளுநரிடம் இருக்கிறது.

சபைத் தவிசாளருக்கு எழுதும் கடிதத்தில் பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை குடும்பங்கள் அதில் நடக்கின்றன, பாடசாலைப் பிள்ளைகளும் நோயாளர்களும் எப்படிப் போகிறார்கள் என்று எழுதுங்கள். லயத்தவர்கள் கையொப்பமிடட்டும். கோவில் நிர்வாக சபையினரும் சேர்ந்து கையொப்பமிட்டால் நல்லது. தோட்டத்தில் கட்சிபேதமின்றி எல்லோரும் மதிக்கும் இடம் பெரும்பாலும் அதுதான். பிரதியொன்றைப் பிரதேச செயலாளருக்கும் அனுப்புங்கள். உங்கள் பிரதியில் சபையின் திகதி முத்திரையை வாங்காமல் திரும்பாதீர்கள்.

பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். உங்கள் கடிதத்துக்கு என்ன நடந்தது, இவ்வாண்டு தோட்டப் பாதைகளுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்ற இரண்டு கேள்விகள் போதும். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லியாக வேண்டும்.