இருக்கையும் விழாவும்

கேள்வி: வேல்ஸ் நாட்டுக் கவிதைப் போட்டியை ‘ஐஸ்டெத்வொட்’ என்கிறார்களே, அச்சொல்லுக்கு ‘திருவிழா’ என்பதுதான் பொருளா? (வாசகி ஒருவர், திருநெல்வேலி)

பதில்: திருவிழா என்பது பிற்காலத்தில் அச்சொல்லின்மேல் ஏறிய பொருள். வேல்ஸ் மொழியில் ‘ஐஸ்டெத்’ என்றால் உட்காருதல். ‘போட்’ என்றால் இருத்தல். இரண்டும் புணரும்போது வருமொழியின் முதலிலுள்ள பகரம் வகரமாகத் திரிகிறது. பெயர்ச்சொல்லாக வரும்போது ‘போட்’ உறைவிடத்தையும் குறிக்கும். கோடையில் மந்தையோடு மலையேறித் தங்கும் குடிலுக்கு ‘ஹவொட்’, அதாவது கோடையிருப்பு, என்று பெயர். அங்கும் இதே திரிபைக் காணலாம். ‘ஐஸ்டெத்’ என்பதன் வேர் இன்னும் பழையது. ‘சதஸ்’, ‘உபநிஷத்’ ஆகிய வடசொற்களில் உள்ள ‘சத்’ என்னும் வினையடியும் அதே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்ததுதான்.

தமிழில் ‘இரு’ என்ற ஒரே வினை உட்காருவதையும் உளதாவதையும் சுட்டுவதால், இக்கூட்டுச்சொல்லுக்கு ‘இருக்கை’ என்பதே நெருங்கிய மொழிபெயர்ப்பு என்பேன். பாணர் சூழ அரசன் வீற்றிருக்கும் அவையைப் புறநானூறு ‘நாள்மகிழ் இருக்கை’ என்பதை நினைத்துக்கொண்டால், சொல்லின் நயம் இன்னும் நன்றாக விளங்கும்.

வேல்ஸிலும் அது புலவர் கூடிய அமர்வாகத்தான் இருந்தது. 1176-இல் ரீஸ் என்னும் சிற்றரசர் கார்டிகன் கோட்டையில் புலவர்களையும் இசைவாணர்களையும் போட்டியிடச் செய்து, இரு தரப்பிலும் வென்றவர்களுக்கு நாற்காலி அளித்தார். இவ்வரிசையில் பதிவான முதல் நிகழ்ச்சியாக இதைச் சொல்வது வழக்கம். ஆனால் கேர்விஸ் ஊரில் 16-ஆம் நூற்றாண்டில் கூடிய அமர்வுகளைக் கொண்டாட்டம் என்பதைவிடத் தேர்வு என்பதே பொருந்தும். தகுதியுள்ள புலவர்களுக்கு உரிமம் வழங்கி, அவர்களை ஊர்சுற்றிகளிடமிருந்து பிரித்தறிவதே அவற்றின் நோக்கம். இன்று ஆண்டுதோறும் நடக்கும் தேசிய விழா 1861-இல் அபெர்டேரில் தொடங்கியது.

சொல்லின் பொருள் விரிந்த பின்னும் நாற்காலி மட்டும் போகவில்லை. மோனை, எதுகை போன்ற ஒலியொழுங்குகளை வரிக்கு வரி கட்டாயமாக்கும் ‘கங்கனெத்’ என்னும் கடுமையான யாப்பில் சிறந்த நெடும்பாடல் இயற்றியவரே அதில் அமர்த்தப்படுவார். தகுதியான பாடல் வராத ஆண்டில் அது காலியாகவே விடப்படும். 1917-இல் பெர்க்கன்ஹெட் நகரில் வென்ற புனைபெயருக்குரியவரை மேடைக்கு அழைத்தபோது யாரும் எழவில்லை. ஹெத் வின் என்ற அந்தக் கவிஞர் சில வாரங்களுக்கு முன்பே, ஜூலை 31 அன்று, பெல்ஜியப் போர்க்களத்தில் மாண்டிருந்தார். அவருக்குரிய நாற்காலியின்மேல் கறுப்புத் துணி போர்த்தினார்கள்.