பதில்: வாடகையை மாற்றியும் விருந்தினர் போனில் பழைய விலை

கோத்தகிரி ஹோம்ஸ்டே தளத்தில் சீசன் வாடகையை ஏற்றியும் விருந்தினர் போனில் பழைய விலையே வருகிறது என்கிறீர்கள். நீங்கள் ஒட்டிய ஹெச்டிஆக்சஸ் கோப்பிலேயே (சர்வருக்கான அமைப்புக் கோப்பு) விடை இருக்கிறது: மேக்ஸ்-ஏஜ், அதாவது வாங்கியதைப் பிரவுசர் எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பது, 31536000. அது நொடிக்கணக்கு, முழுசாக 365 நாள். படம், பக்கம் என்று பிரிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே வரி. கெடு முடியும்வரை போன் சர்வரைக் கேட்காமல் கையில் இருப்பதையே காட்டும். உங்கள் லேப்டாப்பில் சரியாக வந்தது ரீலோடு அழுத்தியதால்தான்.

எச்டிஎம்எல் பக்கங்களுக்கு மட்டும் நோ-கேச் கொடுங்கள். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சேமிக்கவே கூடாது என்பது நோ-ஸ்டோர். நோ-கேச் என்றால் வைத்துக்கொள், ஆனால் காட்டுமுன் கேள் என்று அர்த்தம். பக்கம் மாறவில்லையென்றால் சர்வர் 304, அதாவது 'மாறவில்லை' என்று, பக்கத்தை விட்டுவிட்டு ஹெடரை (பக்கத்தோடு வரும் குறிப்பு வரிகள்) மட்டும் அனுப்பும். மேட்டுப்பாளையத்திலிருந்து வளைவுகளில் ஏறும்போது சிக்னல் விட்டுவிட்டு வருகிறவர்களுக்கும் அது பாரமில்லை. தேயிலைத் தோட்டப் படங்களுக்கு ஒரு வருடமே இருக்கட்டும்; படத்தை மாற்றினால் கோப்புப் பெயரையும் மாற்றுங்கள்.

தலைவலி, ஏற்கெனவே பழைய பக்கத்தை வாங்கி வைத்திருப்பவர்கள்தான். அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் இணைப்பின் கடைசியில் கேள்விக்குறி போட்டு வி=2 என்று சேருங்கள். முகவரி புதிதென்பதால் பிரவுசர் புதிதாக எடுக்கும்.

நடுவில் சிடிஎன் (உங்கள் தளத்தின் நகலை வைத்து விருந்தினருக்குத் தரும் இடைச் சர்வர்கள்) இருந்தால் அங்கேயும் ஒருமுறை பர்ஜ் செய்யுங்கள், அதாவது பழைய நகலை அழியுங்கள். பிறகு லேப்டாப் பிரவுசரில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தை ரீலோடு செய்து, முதல் வரியைத் தட்டுங்கள்: ரெஸ்பான்ஸ் ஹெடரில் கேச்-கன்ட்ரோலுக்கு எதிரே நோ-கேச் இருக்க வேண்டும்.